கெண்டை மீன்களில் புண்: யாரிடம் தெரிவிப்பது?

கேள்வி (மேட்டூர்): அரை ஏக்கர் குளத்தில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறேன். ஐப்பசி மழைக்குப் பின் நீர் குளிர்ந்ததும் மீன்களின் உடலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றி, ஆழமான புண்களாகிவிட்டன. நாள்தோறும் சில இறக்கின்றன. யாரிடம் தெரிவிப்பது?

பதில் (ஓமலூர்): ஐயா, இவை 1988 முதல் இந்தியாவில் காணப்படும் அல்சர் நோயின் அறிகுறிகளாகத் தெரிகின்றன. அதற்குக் காரணம் அஃபனோமைசிஸ் என்னும் பூஞ்சை போன்ற உயிரி என்பதால் ஆன்டிபயாடிக் அதனைக் குணப்படுத்தாது. ஆனால் பாக்டீரியாவாலும் இத்தகைய புண் வரக்கூடும் என்பதால், ஆய்வக முடிவு வராமல் மருந்து இடாதீர்கள். மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் இன்றே தெரிவியுங்கள். 2023இல் மத்திய அரசு வெளியிட்ட 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' செயலியிலும் புகைப்படத்துடன் பதியலாம். அழுகிய மீன் ஆய்வுக்குப் பயன்படாது. சாகும் நிலையிலுள்ள மீனை உயிருடன், ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் கொண்டுசெல்லுங்கள்.

பதில் (எடப்பாடி): எனக்கு மிகவும் கவலை தருவது குளத்து நீர்தான். அதனை ஓடையில் திறந்துவிட்டால் கீழேயுள்ள அனைவரின் குளங்களுக்கும் நோய் பரவும். வலையை வேறெவருக்கும் கொடுக்காதீர்கள், இறந்த மீன்களைச் சுண்ணாம்பிட்டுக் குளத்திலிருந்து தள்ளிப் புதையுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. மடையை அடைத்துவிட்டேன்; நாளைக் காலை மீனுடன் அலுவலகம் செல்கிறேன்.