பிறக்கும் முன்பே கண்டறியப்பட்ட அரிய குறைபாடுகள்: அனுபவப் பகிர்வு

ஒரு தாய்:
தாயின் ரத்தத்தில் செய்யும் குரோமோசோம் பரிசோதனை இயல்பு என்று வந்திருந்ததால், சிசுவின் உறுப்புகளின் அமைப்பைப் பார்க்கும் 20ஆம் வார அனாமலி ஸ்கேனுக்குக் கவலையின்றியே சென்றேன். மருத்துவர் திடீரெனப் பேச்சை நிறுத்தி, திரையில் இதயத்தை ஒட்டித் தெரிந்த கரிய பையைக் காட்டி, அது வயிற்றில் இருக்க வேண்டிய இரைப்பை என்றார். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் இடப்பக்கத்தில் பிறவியிலேயே துளை இருந்தது. அதன் வழியே இரைப்பையும் குடலும் மேலேறி, இதயத்தை வலப்புறம் தள்ளி, நுரையீரல் வளர இடமில்லாமல் செய்திருந்தன. அந்த ரத்தப் பரிசோதனை முக்கியமாக 21, 18, 13 ஆகிய குரோமோசோம்கள் கூடுதலாக உள்ளனவா என்று தேடுவதே தவிர, உறுப்புகளின் அமைப்பைப் பார்ப்பதில்லை. ரத்தம் எடுக்கும்போதே இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

பிறகு பனிக்குட நீரில், குரோமோசோம்களில் உள்ள சிறிய இழப்புகளையும் கூடுதல்களையும் தேடும் மைக்ரோஅரே பரிசோதனையும், கல்லீரலும் மேலேறியுள்ளதா என்றறிய எம்ஆர்ஐயும் செய்தார்கள். பிறந்தவுடன் முகமூடி வழியே காற்றைச் செலுத்தினால் அது மார்பிலுள்ள குடலை உப்பச் செய்து நுரையீரலை மேலும் நெருக்கும் என்பதால், நேராக மூச்சுக்குழாயில் குழாய் பொருத்த வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். முன்பே தெரிந்ததால் கிடைத்த பெரிய பயன் அதுதான். மூச்சும் ரத்த ஓட்டமும் சீரான பின்னரே அறுவை சிகிச்சை நடந்தது.

ஒரு தந்தை:
எங்களுக்கு நடந்தது வேறு. 20ஆம் வாரத்தில் தொடை எலும்பின் நீளம் சரியாகவே இருந்தது. கடைசி மூன்று மாதங்களில்தான் பின்தங்கத் தொடங்கியது. கை கால் எலும்புகள் குட்டையாக வளரும் அகாண்ட்ரோபிளாசியா என்னும் குறைபாடு பெரும்பாலும் இப்படித் தாமதமாகவே தெரியும் என்றார் மரபியல் மருத்துவர். குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு இது எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணுவில் புதிதாக நேரும் மாற்றத்தால்தான் வருகிறது; பெற்றோர் இருவரும் சராசரி உயரத்தினராகவே இருப்பார்கள். குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் சோதனையில் அவ்வளவு சிறிய மாற்றம் அகப்படாது. அந்த மரபணுவையே குறிப்பிட்டுச் சோதிக்க வேண்டும். அதே மரபணுவில் வேறு மாற்றம் நேர்ந்தால் தனடோஃபோரிக் டிஸ்பிளாசியா என்னும் கொடிய நிலை உண்டாகும். அதில் மார்புக்கூடு மிகவும் குறுகியிருக்கும். எங்கள் குழந்தையின் மார்புக்கூடு சரியான அளவில் இருந்ததால், முடிவு வரும்வரை அந்த அளவையே பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஸ்கேன் செய்யும் மருத்துவர்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அறிக்கையில் ‘சிசு கிடக்கும் நிலையால் இதயத்தை முழுமையாகப் பார்க்க இயலவில்லை’ என்றிருந்தால், அதை இயல்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுபடி வரச் சொன்ன தேதியில் தவறாமல் வாருங்கள்.