மதுரையில் வாடகை வீடுகளை நிர்வகிக்கும் தொழில்

கேள்வி (திருநகர்): கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும், உரிமையாளர்கள் வெளிநாட்டில் வாழ்வதால் கவனிப்பாரின்றி இருக்கும் வீடுகள் பல உள்ளன. அவற்றிற்குக் குடியிருப்போரைத் தேடி, வாடகை வசூலித்து, பழுதுபார்த்துத் தரும் தொழிலைத் தொடங்க விரும்புகிறேன். தரகு வேலையிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்றும், முதலில் எதைக் கற்க வேண்டும் என்றும் மூத்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி (அண்ணா நகர்): தம்பி, தரகரின் பொறுப்பு முன்பணம் கைமாறியதும் முடிந்துவிடும், உங்கள் பொறுப்போ அன்றுதான் தொடங்குகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தை முழுமையாகப் படியுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும், வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் அது கூறுகிறது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டே பழகிய உரிமையாளர்களுக்கு இதை நீங்கள்தான் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும்.

மறுமொழி (வில்லாபுரம்): வெளிநாட்டில் வாழும் உரிமையாளருக்கு வாடகை தருபவர் வருமான வரியைப் பிடித்தம் செய்தே தர வேண்டும் என்பதால், நல்ல தணிக்கையாளர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாவி ஒப்படைக்கும் நாளில் மின்மீட்டர் அளவு, குழாய்கள், சுவர்கள் அனைத்தையும் படமெடுத்துக் குடியிருப்பவரிடம் கையொப்பம் பெறுங்கள். முன்பணத்தில் எதைக் கழிப்பது என்ற தகராறே இத்தொழிலில் மிகுதி. வீடு காலியாக இருக்கும் மாதத்திற்கு உங்களுக்குக் கட்டணம் உண்டா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.