பழைய டிவியில் புது செட்டாப் பாக்ஸ்: படம் உருளுகிறது

வேதாரண்யத்துக்காரன்:
அப்பா வாங்கிய 21 இஞ்ச் டப்பா டிவி. தூக்கிப்போட அம்மா விடமாட்டேன் என்கிறார். ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்த்த வீடு இது, அந்தப் பாசம்! புது பாக்ஸில் எச்டிஎம்ஐ மட்டும்தான். டிவி பின்னால் படத்துக்கு மஞ்சள், சத்தத்துக்கு வெள்ளை என இரண்டே ஏவி ஓட்டை. எச்டிஎம்ஐயை ஏவி ஆக்கும் கன்வர்ட்டர் வாங்கி மாட்டினேன். படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, அதுவும் உருளுகிறது. டிவி போய்விட்டதா?

மன்னார்குடி மெக்கானிக்:
டிவி நன்றாகத்தான் இருக்கிறது அண்ணே. கன்வர்ட்டர் பக்கவாட்டில் PAL, NTSC என்று டிவி சிக்னல் முறையை மாற்றும் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அதை PAL பக்கம் தள்ளுங்கள். நம் ஊர் பழைய டிவிகளுக்கு PAL முறையின் 625 கோடு, 50 ஹெர்ட்ஸ்தான் தெரியும். கன்வர்ட்டருக்குக் கரண்ட் தரும் யூஎஸ்பி வயரைப் பாக்ஸில் செருகாமல் போன் சார்ஜரில் கொடுங்கள். கரண்ட் பத்தாவிட்டால் படம் விட்டுவிட்டு வரும்.

கும்பகோணம் டிகிரி காபி:
பாக்ஸில் ஏவி என்று சின்ன ஹெட்போன் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கன்வர்ட்டரே வேண்டாம். ஆனால் அதற்கான வயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வயரின் மஞ்சள் முனையில் படம் வராவிட்டால், டிவியின் மஞ்சள் ஓட்டையில் சிவப்பு முனையைச் செருகிப் பாருங்கள்.

வேதாரண்யத்துக்காரன்:
சுவிட்ச்தான்! கலர் வந்துவிட்டது. ஆனால் எல்லோர் முகமும் புடலங்காய் மாதிரி நீளமாக இருக்கிறது.

மன்னார்குடி மெக்கானிக்:
பாக்ஸ் செட்டிங்கில் படத்தின் அகல, உயர விகிதம் 16:9 என்று இருப்பதை 4:3 ஆக்குங்கள். ஆடியோவை மோனோவில் வையுங்கள், முழுச் சத்தமும் வெள்ளை முனையிலேயே வரும்; சிவப்பு முனை சும்மா தொங்கட்டும்.