புதுப்பிப்பு: ஸ்பே பக்கத்துக் கோடை

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றுப் பக்கம் போகிறேன், விராலடிப்பான் (மீன் பிடித்துத் தின்னும் கழுகு போன்ற பறவை) கண்ணில் படுமா, மீன் சிக்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பார்த்தாச்சு! லாக் கார்ட்டன் ஏரி மேலே, பிடித்த மீனின் தலையைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, இரண்டு காலாலும் இறுக்கிக்கொண்டு பறந்தது. இந்த இனம் பல்லாண்டுக்குப் பிறகு ஸ்காட்லாந்தில் மறுபடி கூடு கட்டியது இங்கேதான், 1954-ல். பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை.

சால்மன் மீன் இன்னும் சிக்கவில்லை. ஞாயிறன்று அதைப் பிடிக்கச் சட்டம் விடாது. நல்ல சட்டம், மீனுக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டாமா?

பூ பற்றிக் கேட்டவர்களுக்கு: தோட்டத்தில் ஃபாக்ஸ்குளோவ் என்ற குழல் வடிவப் பூச்செடி ஆளுயரம். புள்ளி போட்ட குழலுக்குள் பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீ முழுசாக நுழைந்து, மகரந்தம் அப்பிய முதுகோடு பின்பக்கமாக வெளியே வருகிறது. இமயமலை நீலப் பாப்பியும் இந்தக் குளிருக்கு அருமையாகப் பூத்திருக்கிறது. சால்மன் சீசன் செப்டம்பர் 30 வரை, சிக்கினால் எழுதுகிறேன்.