"பெரிய ஜிஹாத்": நபிமொழிதானா?

அபூ ஸஹ்ல்:
அஸ்ஸலாமு அலைக்கும். "சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பியிருக்கிறோம், அது நஃப்ஸோடு (தன் மன இச்சையோடு) போராடுவது" என்று தபூக் படையெடுப்பிலிருந்து திரும்பும்போது நபி (ஸல்) சொன்னதாக ஒரு சகோதரர் நேற்று இங்கே எழுதினார். லைக் குவிகிறது. ஸனது (அறிவிப்பாளர் தொடர்) எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை! ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பாளர் பைஹகீ இதைப் பதிவு செய்துவிட்டு, தொடரில் பலவீனம் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். அறிஞர் இப்னு தைமிய்யா இதற்கு அடிப்படையே இல்லை என்கிறார்.

நூருல் ஹக்:
வ அலைக்குமுஸ்ஸலாம். எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேளுங்கள். இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா நூலில் எடுத்தாண்டது இது. அவருக்கே தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதாக்கும்.

அபூ ஸஹ்ல்:
கஸ்ஸாலி இறந்தது 1111இல். அவர் எழுதினால் அது ஸனது ஆகிவிடுமா? இஹ்யாவின் ஹதீஸ்களை ஆய்வு செய்த இராக்கீயும் பலவீனம் என்றே குறித்திருக்கிறார். ஸனது எங்கே?

மழைத்துளி:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். இறைவன் முன் நிற்பதை அஞ்சி, மனதை இச்சையிலிருந்து தடுத்துக்கொண்டவருக்குச் சொர்க்கம்தான் தங்குமிடம் என்று குர்ஆனே சொல்கிறது (79:40-41). தன் நஃப்ஸோடு போராடுபவரே முஜாஹித் (ஜிஹாத் செய்பவர்) என்று நபித்தோழர் ஃபளாலா பின் உபைத் அறிவிப்பதை ஹதீஸ் தொகுப்பாளர் திர்மிதி ஹஸன் ஸஹீஹ் (ஏற்கத்தக்கது) என்கிறார். மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரனல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்பது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பொறாமையை அடக்குவதும், தூக்கம் கண்ணைச் சொருகும்போது ஃபஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) எழுவதும், புறம் பேச நாக்கு துடிக்கையில் வாயை மூடுவதும்தானே நம் அன்றாடப் பாடு? அதைப் பற்றி ஒரு வரியாவது பேசக்கூடாதா?

அபூ ஸஹ்ல்:
எல்லாம் சரி. அதில் "பெரிய" எங்கே வருகிறது? ஸஹீஹ் (ஆதாரப்பூர்வமானது) கையில் இருக்கும்போது ளயீஃப் (பலவீனமானது) எதற்கு?

நூருல் ஹக்:
அமல்களின் (நற்செயல்களின்) சிறப்பைச் சொல்ல ளயீஃபை எடுக்கலாம் என்று இமாம் நவவீ சொல்லியிருக்கிறார். அதுவும் வேண்டாமென்றால் இப்னு தைமிய்யாவின் மாணவரையே கேளுங்கள். வெளி எதிரியோடு போராடுவதற்கு முந்தியது நஃப்ஸோடு போராடுவது, அதுதான் மூலம் என்று இப்னுல் கய்யிம் ஸாதுல் மஆத் நூலில் எழுதியிருக்கிறார். கற்பது, கற்றபடி நடப்பது, பிறருக்குச் சொல்வது, அதில் வரும் துன்பத்தைப் பொறுப்பது என்று அதை 4 படியாகவும் பிரிக்கிறார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அபூ ஸஹ்ல்:
இப்னுல் கய்யிம் சொன்னதை இப்னுல் கய்யிம் பெயரில் போடுங்கள், யார் தடுத்தது? நபி பெயரில் போடுவதைத்தான் கேட்கிறேன். ஸனது எங்கே?

சாலிஹ் மைந்தன்:
அபூ ஸஹ்ல் பாய், ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹ் 8 ரக்அத்தா 20ஆ என்ற விவாதத்திலும் இதே பிடிவாதம்தான். கடைசியில் நிர்வாகி அந்த விவாதத்துக்குப் பூட்டுப் போட்டார். எந்த மதரஸாவில் ஓதினீர்கள் என்று அன்றைக்குக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

அபூ ஸஹ்ல்:
நான் எங்கே ஓதினால் என்ன? ஆலிம்களைக் காப்பி பேஸ்ட் செய்பவர் என்னைக் கேள்வி கேட்கிறாரா? அன்றைக்கு என்னை முதலில் "வழிகெட்டவன்" என்றது யார்? அதை இன்னும் மறக்கவில்லை.

மழைத்துளி:
கோபத்தை அடக்குவது பற்றிய ஹதீஸை இப்போதுதான் போட்டேன்.

அபூ ஸஹ்ல்:
நான் கோபப்படவில்லை. ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் இது இப்ராஹீம் பின் அபீ அப்லாவின் சொல் என்கிறார். தாபிஈயின் (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவரின்) சொல், நபிமொழி அல்ல. இதற்கு ஒருவராவது பதில் சொல்லுங்கள்.

நூருல் ஹக்:
தாபிஈயின் வாயிலிருந்து வந்ததும் நல்ல சொல்தான். நாளைக்கும் எழுதுவேன்.

அபூ ஸஹ்ல்:
நபி பெயர் போடாமல் எழுதுங்கள்.

நூருல் ஹக்:
கஸ்ஸாலி போட்டார், நானும் போடுவேன்.

அபூ ஸஹ்ல்:
ஸனது?