இழை: இயாய்டோவுக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பர்களே,

ஜப்பானியத் தற்காப்புக் கலைகள் பற்றிய பள்ளி நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. இயாய்டோவில் தடுக்கி நிற்கிறேன். வாளை உருவும் அசைவே முதல் வெட்டாகவும் அமையும் கலை. எதிரே ஆள் கிடையாது. உருவல், வெட்டு, குருதி உதறல் (வாளில் குருதி இருப்பதாகப் பாவித்து), உறையிடல். இந்த நான்கையும் வருடக்கணக்கில் செய்கிறார்கள். அதில் என்ன ஈர்ப்பு என்பதுதான் பாடம். ‘வாளுருவு கலை’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

*

> வாளுருவு கலை

பாதிதான் வருகிறது. ஆறு ஆண்டுகளாகப் பயில்கிறேன். என்னைப் பிடித்து வைத்திருப்பது உறையிடல்தான். இடக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் உறைவாயை மூடி, வாளின் முதுகை அதன்மேல் வைத்து முனைவரை இழுக்க வேண்டும். முனை வாய்க்குள் விழுந்ததும் குனிந்து பார்க்காமல் உள்ளே செலுத்த வேண்டும். பயிற்சி வாளுக்குக் கூர் இல்லை, ஆனால் முனை குத்தும். அந்த நேரத்தில் வேறெந்த நினைப்பும் வராது. அந்த வாயைக் ‘கெண்டைவாய்’ என்கிறார்கள், எவ்வளவு அழகு! பெயரில் உறை வரட்டும்.

*

> பெயரில் உறை வரட்டும்

நற்றிணை 387-இலேயே இருக்கிறதே: ‘உறை கழி வாளின் மின்னி’, அதாவது உறையிலிருந்து உருவிய வாள்போல் மின்னி. ‘உறைகழி வாட்கலை’ எனலாம். இன்னொன்று: ‘இயாய்’ என்பதில் ‘இ’ இருத்தல், ‘ஆய்’ பொருந்துதல். நமக்கோ ‘உறை’ வாளின் கூடு, ‘உறை’ தங்கியிரு. தங்குமிடம்தானே உறையுள்! ஒரே சொல்லில் இரண்டும் கிடைக்கின்றன. சுருக்கி ‘உறைவாள்’ என்றே வைக்கலாம்.

*

ஐயா, எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘அவள் உறைவாள்’ என்று வினைமுற்றாகத்தான் படிக்கும். ‘கழி’ என்றால் கம்பு என்று நினைக்கும். அப்புறம், ‘டோ’ என்பது நெறி, கலையன்று. இக்கலையைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் ஹயாஷிசாகி ஜின்சுகே 16-ஆம் நூற்றாண்டுக்காரர். ‘இயாய்டோ’ என்ற பெயரோ 1930-களில்தான் நிலைத்தது. போர் நுட்பம் தன்னைப் பண்படுத்தும் வழியானதை அந்த ‘டோ’ சொல்கிறது. அதை விட்டால் ஈர்ப்பே விளங்காது. ஜூடோ, கெண்டோவைப் போல இதையும் அப்படியே விடுங்கள்.

*

நன்றி. தலைப்பில் ‘இயாய்டோ’, உள்ளே ‘வாளுருவு நெறி’. மூவர் சரி என்கிறார்கள், கோப்பை அனுப்பிவிட்டேன்.

*

‘நெறி’ சரி. உறையை விட்டதில் எனக்கு உடன்பாடில்லை. படத்தின் கீழாவது ‘கெண்டைவாய்’ என்று போட முடியுமா?