போதகர், பங்குத்தந்தை: கடலூர், புதுவைக்காரர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து:

ஒருவர் ஊழியத்துக்கு அழைக்கப்பட்டவர் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? நான் பிரசங்கத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ரோடு முழுக்க மரம், கரண்ட் இல்லை, போனும் இல்லை. எங்கள் லுத்தரன் சபைப் போதகர் (நாங்கள் ஐயர் என்போம்) குடியிருந்த வீட்டிலும் ஓடு பறந்துவிட்டது. அவர் புத்தகங்களைக் கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, சபைக் குடும்பப் பதிவேட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மரம் கிடந்த இடத்தில் தூக்கிக்கொண்டு தாண்டினார். யாருக்கு அடி, யார் வீட்டில் கூரை இல்லை, யாருக்குச் சுகர் மாத்திரை தீர்ந்துபோச்சு என்று வாசலில் நின்றபடியே பென்சிலால் குறித்தார். மழையில் பேனா மை கலைந்துவிடும் என்று பென்சில். பதிவேட்டில் இல்லாத இந்துக் குடும்பங்களையும் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

"முதல்ல உங்க வீட்டைப் பாருங்க ஐயரே" என்றார் அப்பா. "அது கிடக்கட்டும் ஐயா, ஆயாவுக்கு மருந்து இருக்கா, அதைச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் ராத்திரி புத்தாண்டு ஆராதனை, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தது. பிரசங்கம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அந்தக் குறிப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி ஜெபித்தார். அப்புறம் நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர்களுக்கும் அதே குறிப்புதான் உதவியது.

கடலூர் முதுநகரிலிருந்து:

கொடுத்துவைத்தவர்கள் நீங்கள். 1750இல் நம் கடலூரில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர், கப்பல் ஏறும் முன்பே ஜெர்மனியில் ஹாலே ஊரில் தமிழ் படிக்கத் தொடங்கிவிட்டார். எங்கோ பிறந்தவருக்கே இந்த மக்களிடம் பேச வேண்டும் என்று அவ்வளவு அக்கறை. எங்கள் சபையில் முன்பு இருந்த ஒரு போதகருக்குக் கோயிலுக்குப் பின்தெருவில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்றே தெரியாது. சந்தா பாக்கி மட்டும் சரியாகத் தெரியும். மந்தையை ஆதாயத்துக்காக மேய்க்காதே, அதிகாரம் பண்ணாதே என்று பேதுரு தன் முதல் நிருபத்தில் மூப்பர்களுக்கு எழுதியிருக்கிறார். அங்கி போட்ட எல்லோரும் அந்த 5ஆம் அதிகாரத்தை அடிக்கடி படிக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

வில்லியனூரிலிருந்து:

நாங்கள் கத்தோலிக்கர்கள். அம்மாவுக்கு ஜிப்மரில் ஆபரேஷன் என்று தேதி குறித்ததும் பங்குத்தந்தையைக் கூப்பிடலாம் என்றேன். பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நோயாளிக்கு ஜெபித்து எண்ணெய் பூச ஃபாதர் வந்தால் ஆள் போய்விடுவார் என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

ஃபாதர் வந்ததும் நேராக அம்மாவிடம் போகவில்லை. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து காப்பி வாங்கிக் குடித்தார். "இது சாகிறவங்களுக்கு மட்டும் இல்லம்மா. பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடியும் வாங்கலாம், வயசானவங்க வாங்கலாம், நோய் முத்தினா மறுபடியும் வாங்கலாம்" என்று பொறுமையாகச் சொன்னார். அதற்கப்புறம்தான் அம்மாவின் தலைமேல் கைவைத்து ஜெபித்து, நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். அம்மா தனியாகப் பாவசங்கீர்த்தனம் (ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்ய வேண்டும் என்றதும் எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார். உள்ளே என்ன பேசினார்கள் என்று அண்ணன் பிற்பாடு ஒருமுறை கேட்டபோது, "தம்பி, அதை நான் யாரிடமும் சொல்ல முடியாது" என்று பேச்சை முடித்துவிட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அங்கேதான்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் கடைசி நிமிஷம் வரை காத்திருக்காதீர்கள். நோயாளி தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே ஃபாதருக்குச் சொல்லிவிடுங்கள்.